எத்தனை என்று கேட்டீர்கள், எத்தனை பேர் என்று கேட்கவில்லை

அனுப்புநர்
தவோரிபா கமாதியே (வயது 57),
வீட்டு எண் 2,
பிகேனிகராவா சிறுதீவு,
ஆபரோரோ தீவு மன்றம்.

பெறுநர்
தலைமை ஆணையர் அவர்கள்,
மக்கள்தொகை மற்றும் வீட்டுக் கணக்கெடுப்பு,
தலைநகர்.

வழி: திரு. இயோதேபா, வட்டாரக் கண்காணிப்பாளர், ஆபரோரோ. (இம்மனுவை அவரே நேரில் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டுள்ளார்.)

பொருள்: பிகேனிகராவாவில் வசிப்போர் முப்பத்தொன்று எனத் தவறாகப் பதிவானதை நூற்றுப் பதினெட்டுப் பேர் எனத் திருத்தக் கோருதல், அதன்வழி செவிலியரை இங்கேயே நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. கணக்கெடுப்பாளர் கையேடு, விதிகள் 12 மற்றும் 31.
2. ஆபரோரோ தீவு மன்ற உத்தரவு, நாள் நவம்பர் 24.
3. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் டிசம்பர் 8.

மதிப்பிற்குரிய ஐயா,

மௌரி, வணக்கம். தங்களுக்கும் தங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கும், அவர்கள் எத்தனை பேரானாலும், நலம் உண்டாகட்டும்.

1. நான் மேற்கண்ட முகவரியில் முப்பத்தாறு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். இதற்கு முன் நடந்த மூன்று கணக்கெடுப்புகளில் இச்சிறுதீவை எண்ணியவள் நானே. பென்சிலும் தாளும்தான் என் கருவிகள். ஒரு தலை கூடியதில்லை, ஒரு தலை குறைந்ததில்லை. இம்முறை தாங்கள் வெளியிட்டுள்ள தற்காலிகப் பட்டியல், என் வீட்டில் வசிப்போர் நால்வர் என்கிறது. அந்த நால்வரையும் எனக்கு நன்றாகத் தெரியும்: இரண்டு சட்டி, ஒரு கெட்டில், ஒரு தையல் இயந்திரம். நானும் என் கணவரும் வீட்டில் உள்ள மற்ற மூவரும் அதில் இல்லை.

2. இது அழுது வடியும் மனு அல்ல என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எண்ணிக்கையில் நாங்கள் வென்றுவிட்டோம், ஐயா. வென்றதற்குச் சாட்சியும் முத்திரையும் இருக்கின்றன. அதைத் தாங்கள் ஏட்டில் ஏற்றவேண்டியது ஒன்றே பாக்கி.

3. விஷயத்தின் அவசரம் பின்வருமாறு. நூறு பேருக்குக் குறைவான சிறுதீவில் மருந்தகம் வைப்பதில்லை என்பது எங்கள் தீவு மன்றத்தின் விதி. தங்கள் பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே முப்பத்தொன்று என்ற எண்ணையும், இருபத்துமூன்று வீடுகளில் பதினான்கு காலி என்ற குறிப்பையும் கண்ட மன்றம், எங்கள் மருந்தகத்தை ஜனவரி 31-ஆம் தேதியோடு மூடவும், செவிலியர் கினாயை மன்றம் இருக்கும் பெரிய ஊருக்குத் திருப்பி அழைக்கவும் உத்தரவிட்டது. என் மருமகள் தபேதாவுக்குப் பிப்ரவரி நடுவில் பேறுகாலம். தலைப்பிரசவம். மகன் அயல்நாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். ஆகஸ்டுக்கு முன் வரமாட்டான். மருந்தகம் வருவதற்கு முன்பிருந்த நாட்களில் என் தங்கை எரேனாவைப் பிரசவத்திற்காகப் படகில் ஏற்றிப் பெரிய ஊருக்குக் கொண்டுபோனோம். நல்ல காற்றுக்கு மூன்று மணி நேரம், எதிர்காற்றுக்கு ஏழு. அன்று எதிர்காற்று. ஆறாவது மணியில் படகைத் திருப்பிக்கொண்டோம், அதற்குமேல் போய்ப் பயனில்லாததால். அவள் தலை என் மடியில் இருந்தது. அது நடந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதே கடலில் இன்னொரு முறை அப்படி உட்கார எனக்குத் தெம்பில்லை. இதை மறைத்து எழுதினால் மனு முழுமையாகாது என்பதால் எழுதினேன்.

4. இனி நடந்தது. நவம்பர் 10, திங்கட்கிழமை, கணக்கெடுப்பாளர் திரு. கியாவா தலைநகர் தாராவாவிலிருந்து வந்து இறங்கினார். நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர், கொடுத்த இளநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கையில் பதில்களைப் பதியும் தொடுதிரைக் கருவி. முதல் சுற்று என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான். பெயரும் வயதும் இரண்டாம் சுற்றில் என்றார். அந்த ஒரு கேள்வி கருவியில் இப்படி இருந்தது: "நவம்பர் ஏழாம் நாள் இரவு இவ்வீட்டில் இருந்தவை எத்தனை?"

5. நம் கிரிபாஸ் மொழியில் உயிருள்ளதை எண்ண ஒரு எண், உயிரற்றதை எண்ண வேறொரு எண் என்பது தாங்கள் அறியாததல்ல. மூன்று மீன் பிடித்தேன் என்று சொல்லும் 'மூன்று' வேறு, மூன்று பாய் முடைந்தேன் என்று சொல்லும் 'மூன்று' வேறு. மரத்திற்குத் தனி எண் உண்டு. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது தெரியும். தலைநகரில் இப்போது மனிதரையும் டின் மாட்டிறைச்சியையும் ஒரே எண்ணால் எண்ணிவிடுகிறார்கள் என்று கேள்வி. அவசர ஊர், அது அவர்கள் பாடு. இந்தக் கேள்வியை மொழிபெயர்த்தவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை. வெகுகாலம் வெளிநாட்டில் இருந்தவர் என்று மட்டும் சொன்னார்கள். அவர் உயிரற்றதற்குரிய எண்ணைப் போட்டுவிட்டார். திரு. கியாவாவோ, அச்சிட்டதை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசிக்கவேண்டும், கிடைத்த பதிலை ஓர் எழுத்தும் மாற்றாமல் பதியவேண்டும் என்ற விதி 12-க்குக் கட்டுப்பட்டவர். கட்டுப்பட்டார்.

6. எங்கள் மக்களும் கேட்ட கேள்விக்குக் கேட்டபடியே பதில் சொன்னார்கள். ஊர்த் தலைவர் திரு. பிரிபோ முதல் வீட்டுக்காரர். அவர் தம் பபாய்க் கிழங்குக் குழிகளை எண்ணி "ஏழு" என்றார். மற்ற ஏழு வீடுகளில் பதினொரு பாய், ஆறு சட்டி, இரண்டு படகு, ஒரு சைக்கிள். என் வீட்டு நான்கையும் சேர்த்தால் முப்பத்தொன்று சரியாக வரும். தாங்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மீதிப் பதினான்கு வீட்டார் சொன்ன பதில், "ஒண்ணுமே இல்லைங்க." இதற்கும் காரணம் உண்டு. இரண்டாண்டுக்கு முந்தைய பெரும்புயலுக்குப் பின் இதே போல ஒருவர் வந்து வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இருக்கிறது என்றவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இல்லை என்றவருக்குத் தார்ப்பாய் வந்தது. சூடு கண்ட பூனைகள், ஐயா. ஆறாம் எண் வீட்டுத் திருமதி மாரேயா, ஐந்து பிள்ளைகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்க, "ஒண்ணுமே இல்லைங்க, தொடைச்சு வச்ச மாதிரி கெடக்கு வீடு" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டேன். அன்றிரவு எல்லாரும் வேறெங்கோ படுத்திருந்தார்கள் போலும் என்று எண்ணிக்கொண்ட திரு. கியாவா, கதவுக் கம்பத்தில் சுண்ணக்கட்டியால் '06 காலி' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

7. இந்த இடத்தில் என்மீதே நான் ஒரு புகார் கொடுக்க வேண்டியிருக்கிறது. என் வீடு அவர் வந்த இரண்டாவது வீடு. அவர் கேள்வியை வாசித்த மாத்திரத்தில் பிழை எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று கணக்கெடுப்பு நடத்தியவளுக்குப் புரியாதா? அப்போதே "தம்பி, இது தப்பு, உன் மேலதிகாரிக்குச் சொல்லு" என்று சொல்லியிருந்தால் இம்மனுவே தேவைப்பட்டிருக்காது. சொல்லவில்லை. காரணம், இம்முறை நான் கொடுத்த விண்ணப்பத்தை "கருவிப் பயிற்சி இல்லை, கண்பார்வை போதாது" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. பெரிய கருவிதானே, அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு "நாலு" என்றேன். மாலையில் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து அதைச் சொல்லிச் சிரித்தேன். மாரேயா தன் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டேன்.

8. இரண்டு வாரம் கழித்து மன்ற உத்தரவை ஊரார்முன் படித்துக் காட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. செவிலியர் கினாய் தம் மருந்துப் பெட்டிகளைச் சரிபார்க்க எழுந்து போனார். தபேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  அவள் கேட்டிருந்தால் ஒரு பதிலாவது சொல்லியிருப்பேன்.  மறுநாள் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து கையேட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். விதி 31 கிடைத்தது: ஐயத்திற்குரிய வீட்டை, களச் சுற்று மூடும் நாளுக்குள் எழுத்துமூலம் கோரிக்கை வந்தால், கண்காணிப்பாளர் மீண்டும் நேரில் காணவேண்டும். காணலாம் என்றில்லை, காணவேண்டும் என்றிருக்கிறது. களச் சுற்று மூடும் நாள் நவம்பர் 30.

9. நவம்பர் 26 அன்று தனியாகப் பெரிய ஊர் சென்று, கண்காணிப்பாளர் திரு. இயோதேபாவைக் கண்டு முறையிட்டேன். அவர் கருவியைத் திறந்து பார்த்துவிட்டுக் கூறியதை அவருடைய சம்மதத்தோடே அப்படியே தருகிறேன்: "அக்கா, ஐயத்திற்குரிய வீடுன்னாதான் நான் வரமுடியும். இதைக் கருவி காலி வீடுன்னு பூட்டிடுச்சு. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு நான் எண்ணெய் செலவு பண்ணிக்கிட்டு வரணும்? நீங்களே சொல்லுங்க." சட்டப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பதினான்கு வீட்டு எழுபத்தொரு பேரைச் சுண்ணக்கட்டிக்குள் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். ஆளில்லாத வீட்டுக்கு அவர் வரமுடியாது என்றால், அந்த வீடுகள்தான் அவரிடம் வரவேண்டும் என்று திரும்பி வரும் வழியில் முடிவு செய்தேன்.

10. நவம்பர் 28, வெள்ளிக்கிழமை காலை, ஐந்து பாய்ப் படகுகளில் முப்பத்தொன்பது பேர் புறப்பட்டோம். பதினான்கு காலி வீடுகளிலிருந்தும் வீட்டுக்கு இரண்டு பேராவது வந்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை: '06 காலி', '11 காலி', '19 காலி'. கருவாடு, அவித்த பபாய், பாய், தாயக்கட்டை எல்லாம் கொண்டுபோனோம்; எத்தனை நாளானாலும் இருப்பது என்று உத்தேசம். கண்காணிப்பாளர் அலுவலகத்தின் முன்னிருந்த ஈரப்பலா மரத்தடியில் பாய் விரித்து வீட்டெண் வரிசையில் உட்கார்ந்தோம். திரு. இயோதேபா வாசலுக்கு வந்து "யாருங்க நீங்கள்லாம்?" என்றார். மாரேயா அட்டையைத் தூக்கிக் காட்டி, "நாங்கதான் காலி வீடு தம்பி, பாத்தா தெரியலை? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெறும் வீட்டுக்குள்ள காத்து வரட்டும்" என்றாள். தெருவில் போன சைக்கிள்கள் எல்லாம் நின்றன. பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்களா என்று கேட்கும் அளவுக்குக் கூட்டம். திரு. இயோதேபா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக என் எழுத்துமூலக் கோரிக்கையை நீட்டினேன். நாளும் நேரமும் குறித்து முத்திரை வைத்து ஒப்புகை தந்தார். நவம்பர் 28, காலை பதினொன்றேகால். இணைப்பு ஒன்று அதன் நகல். வந்த காரியம் முடிந்ததும் கருவாட்டைத் தின்றுவிட்டு வீடு திரும்பினோம்.

11. டிசம்பர் 3 அன்று திரு. இயோதேபா திரு. கியாவாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். வீடு வீடாகப் போகவேண்டாம், ஊர் கூடும் மண்டபமான மனெயாபாவில் எண்ணலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். காரணம் தாங்கள் அறிவீர்கள்: மனெயாபாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தூண், ஓர் இடம். ஒருவர் தம் இடத்தை விட்டு வேறிடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் பக்கத்திலுள்ளவர் விலாவில் இடிப்பார். இரண்டு முறை எண்ணப்படவோ விட்டுப்போகவோ வழியில்லாத ஏடு அது. கருவி வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே எங்களிடம் இருக்கிறது.

12. முதலில் சோதனை. திரு. இயோதேபா கருவியிலிருந்த கேள்வியை, வீடு என்பதை மட்டும் இடம் என்று மாற்றி, உரக்க வாசித்தார். "இவ்விடத்தில் இருந்தவை எத்தனை?" மனெயாபா முழுவதும் ஒரே குரலில், "ஒண்ணு!" என்றது. ஒரு மனெயாபாதானே இருக்கிறது! திரு. பிரிபோ மட்டும் தன் பிடிவாதத்தை விடாமல் "ஏழு" என்றார். திரு. கியாவா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நான் ஊரெல்லாம் சட்டியை எண்ணிக்கிட்டு வந்திருக்கேனே" என்று அவர் சொன்னபோது அவருக்காக எனக்கு வருத்தமாகவே இருந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்றே நான் சொல்லியிருக்கவேண்டும் என்று ஊரார்முன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "விடுங்கம்மா, இனிமே ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்" என்றார்.

13. பின்பு நான் எழுந்து, கேள்வியை உயிருள்ளதற்குரிய எண்ணால் மாற்றிக் கேட்டேன். "நவம்பர் ஏழாம் நாள் இரவு இத்தீவில் இருந்தவர்கள் எத்தனை பேர்?" கிழக்குத் தூணிலிருந்து தொடங்கியது. ஒருவர் என்றார் திரு. பிரிபோ. இருவர் என்றார் அவர் மனைவி. மூவர், நால்வர், ஐவர் என்று தூணுக்குத் தூண் தாவிப் போனது. ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தாமே சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. வாய் பேசாத தம்பி தெராபுவா பலகையில் ஓங்கி அறைந்து தன் எண்ணைத் தெரிவித்தார், அடுத்தவர் தொடர்ந்தார். அன்றிரவு கடலோரப் பாறைமேல் மீனுக்குக் காவலிருந்த ஆறு பேரும், விதிப்படி இத்தீவில் இருந்தவர்களே என்பதால், தம் தம் இடத்திலிருந்து சொன்னார்கள். ஏழாம் தேதி இரவில் ஒன்பது நாள் குழந்தையாக இருந்ததன் எண்ணை அதன் தாய் சொன்னாள். குழந்தையும் தன் பங்குக்குக் கத்தியது. மாரேயா வீட்டு ஆறு பேரும் வரிசையாகச் சொல்லி முடித்தபோது, "பாருங்க, வெறும் வீடு எப்படி ரொம்பிடுச்சு!" என்று யாரோ கத்த, ஊரே கைதட்டியது. மகனின் இடத்தை நான் எண்ணவில்லை. அவன் நவம்பர் ஏழாம் தேதி கப்பலில் இருந்தான். நெஞ்சு எண்ணியது, வாய் எண்ணவில்லை. தபேதா தன் எண்ணைச் சொன்னபோது ஒரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள். ஒரே ஓர் எண்ணைத்தான் சொன்னாள். நாங்கள் விதியை மீறுகிறவர்கள் அல்ல. மேற்கு மூலையின் கடைசித் தூணில் நூற்றுப் பதினெட்டுப் பேர் என்று வந்து நின்றது.

14. உண்மையில் எண்ணிக்கை அங்கே நிற்கவில்லை என்பதையும் நேர்மையுடன் தெரிவிக்கவேண்டும். திரு. இயோதேபாவின் தாயைப் பெற்றவர் எங்கள் ஊர்ப் பெண். ஆகவே அவருக்கும் மேற்கு மூலையில் ஓர் இடம் உண்டு. அங்கேதான் அவரை உட்காரவைத்திருந்தோம், வேறெங்கும் உட்காரவைக்க முடியாது. நூற்றுப் பதினெட்டு என்ற குரல் அவருக்கு அடுத்த ஆளிடமிருந்து வந்ததும், வந்த வேகத்தில் அவர் மார்பைத் தட்டிக்கொண்டு "நூத்திப் பத்தொம்போது பேர்!" என்று கூவிவிட்டார்.  சிரிப்பில் கூரை ஓலை அதிர்ந்தது. நான் எழுந்து, "தம்பி, ஏழாம் தேதி ராத்திரி நீங்க எங்க படுத்திருந்தீங்க?" என்று கேட்டேன். "எங்க வீட்லதான் அக்கா" என்றார். "அப்போ அங்க போய் எண்ணிக்குங்க." அவரே பென்சில் வாங்கி, தாளில் ஏறிவிட்டிருந்த அந்த எண்ணை அடித்து, ஓரத்தில் கையொப்பமிட்டார். கருவி வைத்திருப்பவரே எங்கள் இடத்தில் உட்கார்ந்ததும் உயிருள்ளவராக எண்ணத் தொடங்கிவிட்டார் என்பதைவிடப் பெரிய சாட்சி எங்களுக்கு வேண்டியதில்லை. சரிபார்த்த தாளில் 118 என்று எழுதி முத்திரை வைத்தார். இணைப்பு இரண்டு. அன்று மூன்று பன்றி அறுத்தோம், பொழுது சாயும்வரை ஆடினோம்.

15. மறுநாள் திரு. இயோதேபா இந்தச் செய்தியைத் தீவு வானொலிப் பெட்டியில் மற்ற சிறுதீவுகளுக்குச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் இரண்டு சிறுதீவுகளிலிருந்து பதில் வந்தது: "எங்ககிட்டயும் சட்டியைத்தான் எண்ணிட்டுப் போனாங்க." அவர்கள் விவரத்தை அவர்களே எழுதுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மூன்று தீவுகள் சேர்ந்து சொல்கின்றன என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

16. இந்நிலையில் பார்வை 3-இல் கண்ட தங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. களச் சுற்று நவம்பர் 30-இல் மூடப்பட்டுவிட்டதால் டிசம்பர் 3-ஆம் தேதி எண்ணிக்கையை ஏற்க இயலாதென்றும், அடுத்த கணக்கெடுப்பில் ஆவன செய்யப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அடுத்த கணக்கெடுப்பு ஐந்து ஆண்டு கழித்து. தபேதாவின் பிள்ளை ஐந்து ஆண்டு பொறுத்திருக்காது, ஐயா. நல்லவேளையாக, பொறுத்திருக்கத் தேவையும் இல்லை. விதி 31, எண்ணவேண்டிய நாளைச் சொல்லவில்லை. கோரிக்கை சேரவேண்டிய நாளைச் சொல்கிறது. என் கோரிக்கை நவம்பர் 28, காலை பதினொன்றேகால் மணிக்குச் சேர்ந்தது. மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு. தங்கள் முத்திரைதான், தங்கள் கையேடுதான். கண்பார்வை போதாது என்று திருப்பப்பட்டவள் கண்டுபிடித்த வரி அது. பக்கம் 44, மேலிருந்து ஆறாவது வரி.

17. தீவு மன்றத் தலைவரையும் கண்டேன். தங்கள் திருத்தம் ஒரு வரி வந்தால் போதும், உத்தரவை அன்றே கிழித்துப்போடுவதாக எழுதியே கொடுத்திருக்கிறார். இணைப்பு மூன்று. செவிலியர் கினாய் கட்டிவைத்த பெட்டிகளை ஊரார் அவிழ்த்து மருந்துகளைப் பழையபடி அடுக்கிவிட்டார்கள், அவர் தடுக்கவில்லை. "நீங்க அவுத்தா நான் மறுபடி கட்ட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். ஆக, எல்லாக் கதவும் திறந்துவிட்டது. தங்கள் மேசையில் இருப்பது கடைசித் தாழ்ப்பாள்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது:

டிசம்பர் 22-ஆம் தேதி நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும் பட்டியலில் எங்கள் சிறுதீவுக்கு எதிரே முப்பத்தொன்றை அடித்து, நூற்றுப் பதினெட்டுப் பேர் என்று எழுத உத்தரவிட வேண்டும். காலி என்று குறித்த பதினான்கு வீடுகளிலிருந்தும் அச்சொல்லை நீக்க வேண்டும். கம்பத்தில் எழுதியதை நாங்களே கழுவிவிட்டோம். திருத்தத்தின் நகலை ஜனவரிக்குள் தீவு மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். திரு. கியாவாவின் பணிப் பதிவேட்டில் இதனால் ஒரு கரும்புள்ளியும் விழக்கூடாது. அவர் விதிப்படி நடந்தார், பிழை தெரிந்தும் வாயை மூடியிருந்தவள் நான்.

எனக்கு வேலை வேண்டும் என்று கேட்கவில்லை. அடுத்த முறை கேள்வியை அச்சுக்குக் கொடுக்கும் முன், ஏதாவது ஒரு மனெயாபாவில், ஒரே ஒரு முறை, உரக்க வாசித்துப் பாருங்கள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு விளக்கம். டிசம்பர் 3 அன்று திரு. இயோதேபா தவறுதலாக எடுத்துக்கொண்ட நூற்றுப் பத்தொன்பது என்ற எண்ணை அவரிடமிருந்து முறைப்படி திரும்பப் பெற்றுக்கொண்டோம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்த எண்ணுக்குரியவர் பிப்ரவரி நடுவில் வருகிறார். அவரைக் கையில் வாங்கி முதன்முதலாக எண்ணுவதற்குச் செவிலியர் கினாய் இங்கே இருக்கவேண்டும், ஐயா.

நலமும் அமைதியும் வளமும் தங்களுக்கு உண்டாகுக.

இடம்: பிகேனிகராவா
நாள்: டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
உயிருள்ள நூற்றுப் பதினெட்டுப் பேரில் ஒருத்தி,

(ஒப்பம்) தவோரிபா கமாதியே

இணைப்புகள்:
1. கோரிக்கை ஒப்புகை நகல், நவம்பர் 28.
2. சரிபார்த்த எண்ணிக்கைத் தாள், டிசம்பர் 3. (நூற்றுப் பத்தொன்பது அடிக்கப்பட்டுள்ள இடம் காண்க.)
3. தீவு மன்றத் தலைவரின் கடிதம்.
4. மற்ற நூற்றுப் பதினேழு பேரின் கையொப்பங்களும் கைநாட்டுகளும். கடைசிப் பக்கத்தில் உள்ளது மைக்கறை அல்ல. நவம்பரில் ஒன்பது நாள் குழந்தையாக இருந்தவரின் பாதம்.